புதன்கிழமை வண்டி

நல்லமுத்தூர்ல முதியோர் இல்லத்த யாரும் முதியோர் இல்லம்னு சொல்றதில்ல, டாக்கீஸ்னுதான் சொல்வாங்க, ஏன்னா அது முன்னால ராஜகனி டாக்கீஸா இருந்த கட்டடம், படம் ஓட்டி ஓட்டி நட்டமாகி, பூட்டி, வௌவால் அடைஞ்சு, அப்புறம் முதலாளியோட மக புண்ணியமாப் போகட்டும்னு இருபத்திரண்டு இரும்புக் கட்டில வாங்கிப் போட்டு எங்கள மாதிரி ஆளுகள உள்ள விட்டா. இன்னார் அம்மாவ டாக்கீஸ்ல விட்டுட்டான்னு இந்த ஊர்ல சொன்னா எல்லாருக்கும் விளங்கிரும். தரை இன்னமும் பழைய சரிவுதான், திரையப் பாத்து இறங்குது, அதனால ஒவ்வொரு கட்டிலுக்கும் கால்மாட்டுல ரெண்டு செங்கல் வச்சிருக்கும். நடக்க முடிஞ்சவங்க பின்னால சேர் டிக்கெட் பக்கம், படுத்த படுக்கையா இருக்கவங்க முன்னால தரை டிக்கெட் பக்கம், கக்கூஸ் அங்கதான் இருக்கு. என் கட்டில் நடுவுல, பெஞ்சு டிக்கெட்ல. என் பேரு பேச்சியம்மா. இருபத்தாறு வருசம் சத்துணவுக் கூடத்துல சோறு வடிச்ச கை இது, இப்ப ஒரு டம்ளரத் தூக்க ரெண்டு கையும் வேண்டியிருக்கு.

எங்க இருபத்திரண்டு பேருக்கும் வேலுத்தாயி ஒருத்திதான். சமைக்க ஒரு பொம்பள வரும், போகும், அத விடுங்க. குளிப்பாட்டுறது, துடைக்கிறது, ஊட்டுறது, எங்ககிட்ட ஏச்சு வாங்குறது எல்லாம் வேலுத்தாயி. வயசு நாப்பத்தாறு. புருசன் தீப்பெட்டி ஆபீஸ் தீயில போய் பதினோரு வருசம் ஆச்சு, பிள்ளை குட்டி கிடையாது. வெந்நியில முழங்கைய விட்டுப் பாத்துட்டுத்தான் மேல ஊத்துவா. தூங்குற ஆள் பதறிறக் கூடாதுன்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் தொடுவா. படுக்கையிலயே மூத்திரம் போயிட்டம்னா துணி மாத்துறப்ப எங்க மூஞ்சியப் பாக்க மாட்டா, சுவத்தப் பாத்துக்கிட்டு, "இன்னைக்கு மழை வருமா பெரியம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே மாத்தி முடிச்சிருவா, நாம மழைய யோசிச்சுக்கிட்டு இருக்கையில வெக்கப்பட நேரம் இருக்காது. இந்தக் கரிசக்காட்டுல மழை எங்க பெய்யுது, ஆனா டாக்கீஸுக்குள்ள வருசம் பூரா மழைப் பேச்சு ஓயாது.

சூசை வண்டி ஓட்டுறவரு. வெள்ளை வண்டி, பக்கவாட்டுல அமரர் ஊர்தின்னு நீலத்துல எழுதி, பின்னால கண்ணாடிக் கதவு வச்சது. அத எந்தத் தெருவுலயும் நிக்க விட மாட்டாங்க, அதனால ஊருக்கு வெளிய கண்மாய்க் கரையில உடைமரத்தடியில நிக்கும், பக்கத்துலயே ஒரு ஓட்டுக் கூரையில அவரும் இருப்பாரு, பொண்டாட்டி செத்து ஏழு வருசமாத் தனியா. கல்யாணம் காச்சின்னு ஒருத்தரும் அவரக் கூப்பிடுறதில்ல. சாவு வீட்டுல இருந்து கிளம்புறப்ப போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது, சொல்லாமத்தான் போகணும், அது பச்சப் பிள்ளைக்கும் தெரியும். நமக்கு வருசத்துல நாலு சாவு வீடுன்னா அவருக்கு வாழ்க்கையே சாவு வீடு, ஆக இருபது வருசமா அந்த மனுசன் யார்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொன்னதில்ல, யாரும் அவரப் பாத்து வாங்கன்னு சொன்னதும் இல்ல. அந்த வண்டிக்கு இன்னொரு சட்டமும் எங்க பக்கம் உண்டு, ஒரு வாசலுக்கு வந்துட்டா வெறுமனே திரும்பக் கூடாது, திரும்புனா அந்த வீட்ட விடாம அடுத்தடுத்து வரும்னு சொல்வாங்க.

ஐப்பசி பிறந்ததும் சீனியம்மா செத்தா. அது எல்லாரும் சாகுற மாதிரி சாதாரணச் சாவு, மூணு நாள் இழுத்துக்கிட்டுக் கிடந்து போனா. சூசை வந்து தூக்குறதுக்கு முன்னால, "இவுக பேரென்ன?"ன்னு கேட்டாரு. வேலுத்தாயி சொன்னா. அவரு குனிஞ்சு, செத்துக் கிடந்தவ காதோரமா, "சீனியம்மா, தூக்கப் போறோம், பயப்படாதீக"ன்னு சொல்லிட்டு அப்புறம்தான் தோள்ல கைய வச்சாரு. தொடுறதுக்கு முன்னால பேரச் சொல்ற ஆளு உலகத்துல தான் ஒருத்தி மட்டும்தான்னு நினைச்சிருந்தவ வேலுத்தாயி. பிடிச்ச கால அப்படியே பிடிச்சுக்கிட்டு அவரப் பாத்தா பாருங்க, நானும் பாத்தேன், பக்கத்துக் கட்டில் கோமதிநாயகமும் பாத்தாரு.

அவரு போன பிறகு வேலுத்தாயி ரெண்டு நாள் எங்க மோருக்கு உப்புப் போட மறந்தா. எங்க ஊர்ல பொம்பளைக தெரியாத ஆம்பளையப் பாத்தா அண்ணேன்னுதான் கூப்பிடுவோம், முதல் நாள் சூசைய அவளும் அண்ணேன்னுதான் கூப்பிட்டா. மறுவாரம் சீனியம்மா கட்டில் விரிப்ப எரிக்கிறதுக்கு வாங்க அவரு கேட்டுக்கு வெளிய வந்து நின்னப்ப அண்ணே போயிருச்சு, "இந்தாங்க"ன்னு மட்டும் சொல்லி நீட்டுனா. அதுக்கு மேல எங்களுக்கு என்ன விளக்கம் வேணும்? எல்லாரும் பாத்துக்கிட்டோம். சீனியம்மாவுக்கு அப்புறம் ஒரு மாசம் ஒரு சாவும் இல்ல. அவ கட்டிலுக்கும் புது ஆள் வந்துருச்சு. வேலுத்தாயி சோறு ஊட்டிக்கிட்டே வாசல் கேட்டப் பாப்பா, பாத்துட்டு, அய்யோ எதுக்காகப் பாத்தோம்னு அவளுக்கே உறைக்கும், உடனே வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்து எங்க நெத்தியத் தொட்டுக் கும்பிட்டுக்குவா. ஆளு பாதியா இளைச்சுட்டா. பெத்த பிள்ளைக விட்டுட்டுப் போன எங்களப் பாத்துக்க வந்தவ, அவ எங்க கண்ணு முன்னாலயே வாடுறது எங்களுக்குப் பொறுக்கல.

கார்த்திகை முதல் புதன்கிழமை மத்தியானம் சுடலைமுத்து மோர்ச்சோத்த வழிச்சுச் சாப்பிட்டாரு. கிணறு வெட்டுறவரா இருந்தவரு, சளி இருமல்னு கூட ஒண்ணும் கிடையாது. வாயத் தொடச்சுக்கிட்டு, கோமதிநாயகத்தப் பாத்து, "அப்ப நான் கிளம்புறேன், அந்தப் பிள்ளை அவர ஒரு தடவ பாத்துக்கிடட்டும்"னு சொல்லிட்டு, கால நீட்டிப் படுத்தாரு. போயிட்டாரு. கடைக்குப் போற மாதிரிப் போனாரு. அதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, சாப்பிட்டு, கால நீட்டி, போறேன்னு நினைக்கணும், அவ்வளவுதான். இது இத்தனை வருசமா நமக்குத் தோணாமப் போச்சேன்னுதான் எங்களுக்கு வருத்தம்.

அன்னைக்குச் சாயங்காலமே சண்டை வந்துருச்சு, அடுத்தது நான், இல்ல நான்னு. தரை டிக்கெட் ஆளுக எங்களுக்குத்தான் உடம்பு முடியல, நாங்கதான் முதல்லன்னாங்க, சேர் டிக்கெட் ஆளுக அதெப்படின்னாங்க. கோமதிநாயகம் எந்திரிச்சாரு. இதே டாக்கீஸ் வாசல்ல முப்பத்தொரு வருசம் டிக்கெட் கிழிச்ச மனுசன், சண்டை போடுற கூட்டம் அவருக்குப் புதுசா என்ன? புக்கிங் ரூம்ல எலி தின்னது போக மிச்சமிருந்த பழைய டிக்கெட்டுகள எடுத்து, சுடலைமுத்துவ ஒண்ணாம் நம்பராக் கணக்கு வச்சு, ரெண்டுல இருந்து நம்பர் போட்டு, சொம்புல குலுக்கி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. வாரம் ஒண்ணு, புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். வாசல்ல நிக்கிறவன் கடைசியாத்தான் உள்ள போகணும்னு கடைசி நம்பரத் தனக்கு வச்சுக்கிட்டாரு. வேலுத்தாயிக்குத் தெரியக் கூடாதுன்னு தலையணைக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டோம். எனக்கு ஒம்பதாவது.

ஊருக்கு டிக்கெட் தெரியாது, புதன்கிழமை மட்டும் தெரியும். ரெண்டாவது புதன் ஆச்சரியப்பட்டாங்க, மூணாவது புதன் பழகிட்டாங்க, நாலாவது புதன் பூக்கடைக்காரி செவ்வாய்க்கிழமையே சம்பங்கி மாலை கட்டித் தண்ணி தெளிச்சு வச்சுட்டா, மேளக்காரங்க வேற ஊர் வேலைய ஒத்துக்கிடும்போது புதன்கிழமை மட்டும் வேண்டாம்னாங்க, சுடுகாட்டுல வெட்டியான் சொல்லாமலேயே விறகு அடுக்கினாரு, டாக்டர் வந்து கையப் பிடிச்சுப் பாக்காமலேயே கையெழுத்துப் போட்டாரு. பெங்களூர்ல இருந்து ஒரு மகன் போன் பண்ணி எங்க அப்பாவுக்கு ரெண்டாவது சனிக்கிழமையா வச்சுக்க முடியுமா, எனக்கு லீவு கிடைக்காதுன்னு கேட்டான். இது என்ன விபரீதம்னு விசாரிக்க வந்த அதிகாரி ஒருத்தர் டாக்கீஸ் முழுக்கச் சுத்திப் பாத்துட்டு, கடைசியில அவரோட மாமியாருக்கு ஒரு கட்டில் கிடைக்குமான்னு கேட்டுட்டுப் போனாரு. இழுக்காம, நாறாம, சோறு சாப்பிட்டுட்டுப் போற சாவு யாருக்குக் கசக்கும்? இடம் கேட்டு ஆளுக குவிஞ்சாங்க. ஆனா காரியம் முடியாம செத்தவங்க கட்டில்ல யாரையும் படுக்க வைக்க விட மாட்டேன்னு வேலுத்தாயி நின்னா, அதுக்குள்ள மார்கழி பிறந்துருச்சு, மார்கழியில யாரும் வீடு மாற மாட்டாங்க, தை பிறக்கட்டும்னு எல்லாரும் காத்திருந்தாங்க. கட்டில் ஒவ்வொண்ணா காலியாச்சு.

ஒவ்வொரு புதனும் சூசை வந்தாரு. வந்து, பேரக் கேட்டு, பேரச் சொல்லி, ரெண்டு பேருமாத் தூக்கி, வண்டியில ஏத்தி, கண்ணாடிக் கதவச் சாத்துற வரைக்கும் ஒரு பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துல ஒரு வாரம் அவரு ஊர் எதுன்னு கேட்டா, ஒரு வாரம் அவரு அவ கையில பட்டிருந்த தீக்காயத்தக் கேட்டாரு, ஒரு வாரம் செத்துப்போன பொண்டாட்டிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் பிடிக்கும்னு சொன்னாரு, அடுத்த வாரம் அவ நார்த்தங்காய் ஊறுகாய் பொட்டலம் கட்டி வண்டி சீட்டுல வச்சா. பொணம் கிடக்குற வீட்டுல பச்சத் தண்ணி கூடப் பல்லுல படக் கூடாதுங்கிறதால காப்பின்னு ஒண்ணு குடுக்க வழியில்ல. ஒரு உயிருக்கு நாலு வார்த்தை, அதுதான் அவளுக்குக் கிடைச்சுது. எங்களுக்கு அது போதும்னு தோணுச்சு. அந்த மனுசன சும்மா ஒரு நாள் வாங்கன்னு கூப்பிட்டா வருவாரேன்னு எங்கள்ல ஒரு ஆளுக்கும் தோணல, சத்தியமாத் தோணல. அந்த வண்டிய நாங்க பொறந்ததுல இருந்து ஒரே ஒரு காரியத்துக்குத்தான் கூப்பிட்டுப் பழகியிருக்கோம்.

அவளுக்கு வேற கணக்கு. இவங்க எல்லாம் தானா விரும்பிப் போறாங்கன்னு அவளுக்கும் தெரியும், ஏன்னுதான் தெரியல. தன் கையில ஏதோ குறை வந்துருச்சு, அதனாலதான் நம்மள வேண்டாம்னு போறாங்கன்னு நினைச்சுக்கிட்டா. வெந்நிய இன்னும் பதமா வச்சா. கேட்டவங்களுக்குக் கேட்டத செஞ்சு குடுத்தா, ஒருத்திக்கு ஆப்பம், ஒருத்தருக்குக் கருவாட்டுக் குழம்பு. செவ்வாய்க்கிழமை ராத்திரியெல்லாம் ஒவ்வொரு கட்டிலாப் போயி, "எங்கிட்ட என்ன குறை, சொல்லுங்க"ன்னு காலப் பிடிச்சுக் கேட்டா. மறுநாள் வண்டிச் சத்தம் கேட்டதும் அவளையறியாம அவ கை தலைமுடியக் கோதிக்கிடும், அதுக்கப்புறம் அந்தக் கையவே ஓங்கிச் சுவத்துல அடிச்சுக்குவா. அத நான் ரெண்டு தடவ பாத்தேன். பாத்தும் வாயத் திறக்காமத்தான் இருந்தேன்.

மார்கழி கடைசிப் புதன் என் முறை. காலையில என்னைய உக்கார வச்சுட்டு விரிப்ப உதறுனா, பச்சை டிக்கெட் கீழ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா, ஒம்பதுன்னு எழுதியிருந்துச்சு. இது என்ன பெரியம்மான்னு கேட்டா. நான் பொய் சொல்ற ஆளுதான், சத்துணவு முட்டையில எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன், ஆனா அவ மூஞ்சியப் பாத்து அன்னைக்கு எனக்குப் பொய் வரல. எல்லாத்தையும் சொன்னேன்.

அவ அழுவான்னு நினைச்சேன். அழல.

"நான் கேட்டனா?"ன்னா. "எட்டு பேரு. நான் கேட்டனா பெரியம்மா?"

"நீ கேக்க மாட்டேன்னுதான தாயி."

அவ உக்காந்தா, எந்திரிச்சா, அந்த டிக்கெட்ட எங்கயாவது போடணும்னு பாத்து எங்கயும் போடாம என் கையிலயே திணிச்சா. "நான் திரும்பி வர்ற வரைக்கும் கண்ண மூடுனீக, நானும் இந்தக் கட்டில்லயே படுத்துருவேன்"னு சொல்லிட்டு ஓடுனா. செருப்பு கூடப் போடல. நான் கண்ண மூடல. எரிஞ்சுது, தண்ணி வழிஞ்சுது, திறந்துகிட்டே உக்காந்திருந்தேன்.

கண்மாய்க் கரையில நடந்தத அவளே பின்னால எங்கிட்டச் சொன்னா. சூசை வண்டியக் கழுவிக்கிட்டு இருந்தாராம், மூச்சு வாங்க வந்து நின்னவளப் பாத்ததும் துணியக் கீழ போட்டுட்டு செத்தது யாரு, பேரென்னன்னு கேட்டாராம், பழக்கதோசம். அவ எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, "உங்களப் பாக்கணும்னா எனக்கு ஒரு சாவு வேண்டியிருக்கு. அப்படி ஒரு ஆசை எனக்கு வேண்டாங்க"ன்னு சொல்லியிருக்கா. அவரு, தானும் புதன்கிழமைக்குக் காத்துக்கிட்டு இருந்ததாகவும், அதுக்காக ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டதாகவும் சொன்னாராம். அப்புறம், "என்னைய யாரும் வாங்கன்னு சொன்னதில்ல. சொல்லாத வாசலுக்கு எப்படி வர்றது?"ன்னாராம்.

"நான் சொல்றேன். வாங்க"ன்னு இவ சொன்னா.

சொல்லி வாய மூடல, என் ஞாபகம் வந்துருக்கு, பெரியம்மா கண்ண மூடியிருப்பாளேன்னு. நடந்து போனா அரை மணி நேரம் ஆகும். ரெண்டு பேருமே ஒரு நிமிசம் கூட யோசிக்கல, அவசரத்துல யோசிக்கவும் முடியாது, வண்டியில ஏறிட்டாங்க. அவ முன் சீட்டுல, அவரு பக்கத்துல. பின்னால ஒண்ணும் இல்லாம, வெறும் வண்டியா, டாக்கீஸ் வாசல்ல வந்து நின்னுச்சு.

அவ சரிவுல இறங்கி ஓடி வந்து என்னையக் கட்டிப் பிடிச்சா, நான் இருக்கேன் தாயி, இருக்கேன்னு சொன்னேன், பின்னாலயே சூசையும் வந்து நின்னாரு, கையில சோப்புத் தண்ணி காயல. எங்க எல்லாருக்கும் அந்த நிமிசம் என்ன சந்தோசம்ங்கிறீங்க. கோமதிநாயகம் மட்டும் எங்களப் பாக்கல. அவரு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சாப்பிட்டு முடிச்ச தட்டத் தள்ளி வச்சுட்டு, தலையணைக்கு அடியில இருந்து தன் டிக்கெட்ட எடுத்தாரு.

"வண்டி வந்துருச்சே. வெறுமனே எப்படிப் போகும்?"னாரு. "பேச்சி, உன் டிக்கெட்ட நீ வச்சுக்க."

வேலுத்தாயி என்னைய விட்டுட்டு அவர்கிட்டப் பாஞ்சா. "பெரியப்பா, வேண்டாம், இது சாவு வண்டி இல்ல. எனக்காக வந்த வண்டி."

அவரு டிக்கெட்ட நேரா நடுவுல கிழிச்சாரு, முப்பத்தொரு வருசம் கிழிச்ச மாதிரி, பாதிய அவ கையில குடுத்துட்டுப் பாதியத் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

"எல்லா வண்டியும் உனக்காக வந்ததுதான் தாயி"ன்னு சொல்லிட்டு, கால நீட்டிப் படுத்தாரு.

அவ அவரப் பிடிச்சு உலுக்குனா, கன்னத்துல தட்டுனா, பேரச் சொல்லிக் கத்துனா. அவரு அதுக்குள்ள போயிருந்தாரு. தூக்குற நேரத்துல சூசைக்கு வாய் வரல, இருபது வருசத்துல அன்னைக்குத்தான் அவரு ஒருத்தர் பேரச் சொல்ல முடியாம நின்னாரு. வேலுத்தாயிதான் குனிஞ்சு, "கோமதிநாயகம் பெரியப்பா, தூக்குறோம்"னு சொன்னா. வண்டி நிறைஞ்சு போச்சு. சூசை வண்டிய எடுத்துக்கிட்டு யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாமப் போனாரு, சொல்லவும் கூடாதே.

மறுநாள் அவ எங்க பதிமூணு பேருகிட்டயும் டிக்கெட்ட வாங்கி வெந்நி அடுப்புல போட்டா. அந்த வெந்நியிலதான் எங்கள அன்னைக்குக் குளிப்பாட்டுனா. அதுக்கப்புறம் எங்களுக்கு அந்த வித்தை வரல. தை பிறந்ததும் இடம் கேட்டு வந்தவங்க, புதன்கிழமை ஒண்ணும் நடக்கலன்னு தெரிஞ்சதும் வேற ஊர்ல போய் விசாரிச்சாங்க. பூக்கடைக்காரி கட்டின மாலைய என்ன செய்யன்னு தெரியாம பிள்ளையாருக்குப் போட்டா. நாங்க இனிமே இழுத்துக்கிட்டுத்தான் கிடக்கணும், எல்லாரையும் போல.

மூணாம் நாள் சாயங்காலம் சூசை நடந்து வந்தாரு. வண்டி இல்லாம, வெளுத்த சட்டை போட்டு, எண்ணெய் வச்சுத் தலை சீவி, கேட்டுக்கு வெளியவே நின்னாரு. வேலுத்தாயி வாளியக் கீழ வச்சுட்டு, "வாங்க"ன்னா. வந்தாரு. அந்தக் கட்டடத்துல முதல் தடவையா அவரு வாயில ஒரு சொட்டுக் காப்பி பட்டுச்சு. திரைக்கு முன்னால ஸ்டூலப் போட்டு ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து என்னவோ பேசுனாங்க, எனக்குக் காது கேக்கல. ஒரு தடவ அவ சிரிச்சா. சிரிச்சுட்டு வாயப் பொத்திக்கிட்டா.

இருட்டுறதுக்கு முன்னால அவரு எந்திரிச்சாரு. டம்ளரத் தானே கழுவிக் கவுத்தி வச்சாரு. வாசல் வரைக்கும் போயி, நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"போயிட்டு வரேன்"னாரு.

அந்த வார்த்தை அவரு வாயில பழகாத வார்த்தை, நடுவுல உடைஞ்சு வந்துச்சு. எங்க பதிமூணு பேருக்கும் யாரும் சொல்லித் தரல, கட்டில்ல கிடந்தபடியே ஒண்ணா, "போயிட்டு வாங்க"ன்னு சொன்னோம். வேலுத்தாயி அவரு கண்மாய்ப் பக்கம் திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா.

அப்புறம் உள்ள திரும்புனா. சுடலைமுத்து கட்டில்ல ஆரம்பிச்சு கோமதிநாயகம் கட்டில் வரைக்கும், காலியாக் கிடந்த ஒம்பதையும் ஒவ்வொண்ணா, அவசரப்படாம பாத்தா. பாத்து முடிச்சுட்டு எங்கிட்ட வந்து, பேரச் சொல்லிக் கூப்பிட்டு, எனக்குத் துணி மாத்துனா. மழை வருமான்னு அன்னைக்குக் கேக்கல.